பழைய டூம் ரெய்டர்: ஒரு கட்டத்தில் சிக்கிக்கொண்டால் முந்தைய கட்டத்துக்குத் திரும்ப வேண்டியிருக்குமா?

செவ்வாய்ப்பேட்டைக்காரன் கேட்டது:

வணக்கம். சேலத்தில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை ஒன்றில் வேலை செய்கிறேன். இரவு வீடு திரும்பிச் சாப்பிட்டு முடித்த பின், மற்றவர்கள் உறங்கப்போகும் நேரத்தில் ஏறத்தாழ ஒரு மணி நேரம் கணினியின் முன் அமர முடிகிறது. பண்டிகைக் காலத்து ஆர்டர்கள் வந்துவிட்டால் அதுவும் வாரக்கணக்கில் வாய்ப்பதில்லை. 2013ஆம் ஆண்டு வெளிவந்த டூம் ரெய்டர் கணினி விளையாட்டையும், அதற்கடுத்து வந்த ரைஸ் ஆஃப் த டூம் ரெய்டரையும் விளையாடியிருக்கிறேன். இரண்டும் எனக்குப் பிடித்தவைதான். ஆனால் இடைவெளி விட்டு மீண்டும் தொடங்கும் ஒவ்வொரு முறையும், பரந்து கிடக்கும் அந்த நிலப்பரப்பில் எந்தக் குகையை முடித்தேன், எந்தத் தடுப்பை எந்தக் கருவி கிடைத்த பிறகு உடைக்கலாம் என்று விட்டுவைத்தேன் என்பதை நினைவுபடுத்திக்கொள்வதிலேயே கிடைத்த நேரம் கரைந்துபோகிறது.

அந்தத் தொடரின் முதல் மூன்று பாகங்களையும் புதுப்பித்து 2024இல் வெளியிட்ட தொகுப்பை உறவுக்காரத் தம்பி ஒருவன் பரிந்துரைத்தான். அவை கட்டம் கட்டமாகப் பிரிந்தவை, ஒவ்வொரு கட்டத்துக்கும் தொடக்கமும் முடிவும் உண்டு, என்னைப் போன்றவர்களுக்கு அதுவே வசதி என்பது அவன் வாதம். வாங்குவதற்கு முன் தெரிந்துகொள்ள விரும்புவது இவைதாம். ஒரு கட்டத்தில் வழி தெரியாமல் நின்றுவிட்டால், முந்தைய கட்டத்தில் ஒரு சாவியையோ கருவியையோ எடுக்காமல் வந்துவிட்டோமோ என்று அஞ்ச வேண்டியிருக்குமா? கட்டம் முடிந்ததும் நம்முடன் வருவது எது, அங்கேயே நின்றுவிடுவது எது? ஒரே அமர்வில் ஒரு கட்டத்தை முடித்துவிட முடியுமா? கதையின் திருப்பங்களை மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

அஸ்தம்பட்டி வாசி எழுதியது:

உங்கள் முதல் கேள்விக்கு நேரான விடை: அஞ்ச வேண்டியதில்லை. கதையோடு தானாகவே கைக்கு வரும் ஓரிரு பொருள்கள் நீங்கலாக, முதல் மூன்று பாகங்களிலும் ஒரு கட்டத்தின் பூட்டுக்கு உரிய சாவி அந்தக் கட்டத்தின் சுவர்களுக்குள்ளேயே இருக்கும். வழி தெரியாமல் நிற்கிறீர்கள் என்றால், நீங்கள் பார்க்காத மூலை ஒன்று அங்கேயே இருக்கிறது என்று பொருள். இந்த உறுதிப்பாடு எவ்வளவு பெரிய நிம்மதி என்பது விளையாடும்போதுதான் புரியும்.

1996இல் வந்த முதல் பாகத்தில் 15 கட்டங்கள். பெரு, கிரேக்கம், எகிப்து என்று சென்று அட்லாண்டிஸில் முடியும். மூன்றாவதாக வரும் லாஸ்ட் வேலி என்ற பள்ளத்தாக்கில் மூன்று பல்சக்கரங்களைத் தேடிக் கொண்டுவந்து ஓர் இயந்திரத்தில் பொருத்தினால் அருவியின் போக்கு மாறி, அதுவரை மறைந்திருந்த வழி தென்படும். மூன்று சக்கரங்களும் அதே பள்ளத்தாக்கில்தான் கிடக்கின்றன. அவற்றைத் தேடும்போது வேறு சிலவும் எதிர்ப்படும், அவற்றைப் பற்றி நான் வாய் திறக்கப்போவதில்லை. பேலஸ் மைடாஸ் என்ற கட்டத்தில் மூன்று ஈயக்கட்டிகளைக் கண்டெடுத்து, தொட்டதெல்லாம் பொன்னாகும் அரசனுடைய சிலையின் கையில் வைத்துப் பொன்னாக்கி, அந்தப் பொன்னைக் கொண்டு கதவைத் திறக்க வேண்டும். ஆர்வமிகுதியில் நாயகி லாராவையே அந்தக் கையின் மீது ஏற்றி நிறுத்தாதீர்கள். முன்னதாகச் சேமித்துக்கொண்டு நிறுத்திப் பார்ப்பவர்களை நான் குறை சொல்ல மாட்டேன்.

கட்டங்களுக்குள் கட்டம் என்று சொல்லத்தக்கது செயின்ட் பிரான்சிஸ் ஃபாலி. தலைசுற்றும் ஆழமுள்ள ஒரு செங்குத்துக் கூடம். அதன் பக்கங்களில் நெப்டியூன், அட்லஸ், டாமக்ளீஸ், தோர் என்று பெயர் பொறித்த நான்கு கதவுகள். ஒவ்வொரு கதவுக்குப் பின்னும் தனித்த ஒரு புதிர், ஒவ்வொரு புதிருக்கும் ஒரு சாவி. நான்கு சாவிகளும் சேர்ந்தால்தான் அடித்தளத்துக் கதவு திறக்கும். அட்லஸின் அறையில் உருண்டு வரும் பெரும்பாறையும், டாமக்ளீஸின் அறையில் தலைக்கு மேல் தொங்கும் வாள்களும் அந்தந்தப் பெயருக்குரிய பழங்கதைக்கு ஏற்றபடி அமைந்தவை. கிரேக்கத்தில் வட ஐரோப்பியத் தெய்வமான தோருக்கு என்ன வேலை என்று பலரும் கேட்டிருக்க வேண்டும். 2007இல் வந்த ஆனிவர்சரி மறு ஆக்கத்தில் அந்த அறை கிரேக்கத் தெய்வமான ஹெஃபைஸ்டஸுக்கு ஒதுக்கப்பட்டுவிட்டது. உங்களுக்கு இக்கட்டம் பொருத்தமானது என்று நினைக்கிறேன், ஏனெனில் ஓர் இரவுக்கு ஓர் அறை என்று பிரித்துக்கொள்ள முடியும்.

கட்டம் முடிந்ததும் உங்களோடு வருபவை பெரும்பாலும் ஆயுதங்களும் குண்டுகளும் மருந்துப் பெட்டிகளும்தாம். ஓரிரு இடங்களில் கதையின் தேவைக்காக ஆயுதங்கள் பறிக்கப்படும், அதையும் எங்கே என்று சொல்லவில்லை. கட்டத்தின் முடிவில் எடுத்துக்கொண்ட நேரம், கண்டுபிடித்த ரகசிய இடங்கள், எடுத்த பொருள்கள், வீழ்த்திய எதிரிகள் என்று ஒரு கணக்குப் பலகை தோன்றும். இரண்டு வாரம் கழித்து வந்தாலும் நேராக அடுத்ததைத் தொடங்கலாம். ஒரே அமர்வில் முடியுமா என்றால், தொடக்கக் கட்டங்கள் முடியும். நீர்மட்டத்தை உயர்த்தியும் தாழ்த்தியும் ஒரே மண்டபத்தை வெவ்வேறு உயரங்களில் சுற்றிவரச் செய்யும் சிஸ்டர்ன் போன்றவை முதன்முறை ஆடுபவருக்கு ஒரு மணி நேரத்தில் அடங்கமாட்டா. ஆயினும் புதிய தொகுப்பில் வேண்டிய இடத்தில் சேமித்துக்கொள்ளலாம் என்பதால் கவலையில்லை. அந்நாளைய பிளேஸ்டேஷன் என்ற விளையாட்டு இயந்திரத்தில் முதல் பாகத்தை ஆடியவர்கள் அங்கங்கே மிதக்கும் படிகத்தைத் தேடிப் போய்த்தான் சேமிக்க வேண்டியிருந்தது.

ஏற்காட்டுப் பனி எழுதியது:

மேலே உள்ள விடையோடு உடன்படுகிறேன். இந்த உறுதிப்பாடு எங்கிருந்து வந்தது என்பதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் பொழுதுபோக்காக நானே கட்டங்களை வடிவமைத்து வருகிறேன். 2000இல் வெளியான டூம் ரெய்டர் கிரானிக்கிள்ஸின் கணினிப் பதிப்போடு கட்டங்களை வடிவமைக்கும் மென்பொருளும் சேர்த்தே வழங்கப்பட்டது. அதைக் கொண்டும், பின்னாளில் ரசிகர்கள் உருவாக்கிய கருவிகளைக் கொண்டும் உலகெங்கும் ஆயிரக்கணக்கான கட்டங்கள் எழுதப்பட்டுவிட்டன.

முதல் பிளேஸ்டேஷனின் முதன்மை நினைவகம் 2 மெகாபைட், படத்திற்கான நினைவகம் 1 மெகாபைட். அந்தச் சிறிய இடத்துக்குள் ஒரு கட்டத்தின் அறைகள், சுவர்ப்பரப்புகளின் படங்கள், அங்கு வாழும் ஓநாய்க்கும் கரடிக்கும் உரிய அசைவுகள் எல்லாம் அடங்க வேண்டும். ஆகவே ஒவ்வொரு கட்டமும் தனித்த ஒரு கோப்பு. அது முடிந்ததும் நினைவகத்தைத் துடைத்துவிட்டு, அடுத்த கோப்பைக் குறுந்தகட்டிலிருந்து படிப்பார்கள். எந்தக் கதவைத் திறந்தீர்கள், எந்தக் கல்லை எங்கே தள்ளினீர்கள் என்ற செய்திகள் கட்டத்தோடு மறைந்துவிடும். எண்ணிக்கையாகச் சுருக்கக்கூடியவை மட்டும், அதாவது இத்தனை குண்டுகள், இத்தனை மருந்துப் பெட்டிகள் என்பவை மட்டும், அடுத்த பக்கம் எடுத்துச் செல்லப்படும். உங்களுடன் வருவது எது என்ற கேள்விக்கான விடை இதனால்தான் இவ்வளவு சுருக்கமாக இருக்கிறது.

எகிப்துப் பகுதியில் இதற்கு ஒரு வேடிக்கையான சான்று உண்டு. சிட்டி ஆஃப் காமூன் என்ற கட்டத்தில் கண்ணுக்குத் தெரிந்தும் கைக்கு எட்டாத சில பொருள்களைக் கடந்து போகிறீர்கள். அடுத்த கட்டமான ஒபெலிஸ்க் ஆஃப் காமூனின் இறுதியில் அதே இடத்துக்கு வேறொரு வழியாக வந்து சேர்ந்து அவற்றை எடுத்துக்கொள்கிறீர்கள். பழைய இடத்துக்குத் திரும்பியதுபோல் இருக்கும். உண்மையில் அந்த இடத்தை இரண்டாவது கோப்பில் மறுபடியும் கட்டிவைத்திருக்கிறார்கள். எனவே இங்கும் நீங்கள் கட்டத்தை விட்டு வெளியே போகவில்லை, முந்தைய கட்டத்தில் விட்டுவந்தது எதுவும் இங்கே உங்களைத் தடுக்கவும் இல்லை.

நினைவகத்தின் போதாமை தொடக்கத்தை விளக்குகிறதே ஒழிய, இன்றும் நாங்கள் ஏன் மூடிய கட்டங்களை விரும்பிக் கட்டுகிறோம் என்பதை விளக்கவில்லை. இந்த விளையாட்டின் உலகம் முழுவதும் ஒரே அளவுள்ள சதுரங்களால் ஆனது. லாரா ஓடிவந்து குதித்தால் இரண்டு சதுர இடைவெளியைத் தாண்டுவாள். ஓடிக் குதித்து விளிம்பைக் கையால் பற்றினால் மூன்று சதுரம். நான்கு சதுர அகலமுள்ள பள்ளத்தைக் கண்டால் அது இப்போதைக்கு வழி இல்லை என்பதை ஆடுபவர் கண்ணளவிலேயே அறிந்துகொள்வார். அளவு மாறாது, திறமையும் மாறாது, வேண்டிய பொருளும் வெளியே இல்லை என்னும்போது, வழி தேடுவது முழுக்க முழுக்க அவருடைய சிந்தனையைப் பொறுத்ததாகிவிடுகிறது. புதிய பாகங்களில் ஒரு தடுப்பின் முன் நிற்கும்போது, நாம் யோசிக்கவில்லையா அல்லது அதற்குரிய கருவி இன்னும் நம் கைக்கு வரவில்லையா என்ற ஐயம் எப்போதும் உடன் இருக்கிறது. செவ்வாய்ப்பேட்டை நண்பரின் நேரத்தைத் தின்பது அந்த ஐயம்தான் என்பது என் கருத்து.

இப்போது நான் எழுதிக்கொண்டிருப்பது சேர்வராயன் மலையில் நடப்பதாக வைத்த இரண்டு கட்டங்கள். முதலாவது, சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி படர்ந்த ஒரு காப்பித் தோட்டமும் அதன் நடுவே கைவிடப்பட்ட பங்களாவும். இரண்டாவது, மலையுச்சியில் உள்ள சேர்வராயன் கோயிலின் குகை தந்த எண்ணத்தில் நான் கற்பனையாக நீட்டிக்கொண்ட ஒரு சுரங்கம். பங்களாவில் கிடைக்கும் சாவி குகையில் பயன்படும்படி அமைத்தால் கதைக்கு அழகாக இருக்கும் என்று நண்பர்கள் சொன்னார்கள். மறுத்துவிட்டேன். குகையில் தடுமாறும் ஒருவர் பங்களாவின் அலமாரிகளை எண்ணிப் பார்க்கத் தொடங்கினால், என் குகையை அவர் கவனிக்கமாட்டார். பங்களாவிலிருந்து வரும் ஒரே செய்தி குகையின் வாயிலில் உள்ள ஒரு சுவரோவியம். அதைப் புரிந்துகொள்ளாதவருக்கும் கதவு திறக்கும். மூடுபனியைத் தாராளமாகப் போட்டிருக்கிறேன், தொலைவில் வரைய வேண்டியது குறையும், ஏற்காட்டுக்காரர்கள் யாரும் ஏன் என்று கேட்கவும் மாட்டார்கள்.

ஐந்து ரோடு எழுதியது:

மூடிய கட்டங்களின் புகழ் ஓங்கி ஒலிப்பதால் மறுபக்கத்தையும் சொல்லிவைக்கிறேன். இரண்டாம் பாகத்தில் சீனப் பெருஞ்சுவரில் ஒரு கட்டம் ஆடி முடித்தால் அடுத்து வெனிஸ் நகரில் நிற்கிறீர்கள். சற்றுப் பொறுத்தால் கடலுக்கடியில் மூழ்கிய கப்பல், பிறகு திபெத்துப் பனி. ஒவ்வொன்றும் நன்றாகவே இருக்கிறது. ஆனால் எந்த இடமும் ஊராக மனதில் தங்குவதில்லை, ஏனெனில் திரும்பிப் போகவே முடியாத இடத்தைப் பற்றி நமக்கு எந்தப் பொறுப்பும் இல்லை.

1999இல் வந்த நான்காம் பாகமான த லாஸ்ட் ரெவலேஷன் இதை உணர்ந்து மாற்றியது. ஆங்கோர் வாட்டில் தொடங்கும் முன்கதைக்குப் பிறகு ஏறத்தாழ முழுக் கதையும் எகிப்திலேயே நடக்கிறது. கர்னாக் கோயில், அதன் தூண் மண்டபம், புனித ஏரி ஆகிய கட்டங்களுக்கிடையே முன்னும் பின்னும் போய்வர வேண்டும். ஓரிடத்தில் எடுத்தது வேறோரிடத்தில் பயன்படும். ஏற்காட்டுச் சாலையின் 20 கொண்டை ஊசி வளைவுகளுக்கும் எண் எழுதிய பலகை நட்டிருக்கிறார்கள், அதனால் சாலை 20 துண்டாகிவிடவில்லை. அந்தப் பாகத்தின் கட்டங்கள் அப்படிப்பட்டவை. கர்னாக்கை முடிக்கும்போது அந்த வளாகத்தின் அமைப்பு எனக்கு மனப்பாடமாகியிருந்தது. வெனிஸின் எந்த வாய்க்காலும் எங்கே வளைகிறது என்று இன்று கேட்டால் சொல்லத் தெரியாது.

இன்னொன்று. மூடிய கட்டம் ஒழிந்துவிட்டதாக எண்ண வேண்டாம், அது இடம் மாறியிருக்கிறது. நீங்கள் ஆடிய 2013ஆம் ஆண்டுப் பாகத்தில் விருப்பப்பட்டால் நுழையலாம் என்று வைத்த கல்லறைகளை நினைத்துப் பாருங்கள்: ஒரு மண்டபம், ஒரு புதிர், ஒரு பரிசு. வேறு தொடரிலிருந்து சொல்வதென்றால், 2017இல் வந்த செல்டா தொடரின் பிரெத் ஆஃப் த வைல்டில் பரந்த வெளியெங்கும் 120 சிறு கோயில்கள் வெளியீட்டின்போதே இருந்தன. பெரும்பாலானவற்றின் புதிர் அந்தந்தக் கோயிலின் சுவர்களுக்குள்ளேயே முடிந்துவிடும். எனவே இரண்டு முறைகளும் ஒன்றையொன்று விலக்குவன அல்ல. நேரக் குறைவு உள்ளவர் முதல் மூன்று பாகங்களில் தொடங்குவது சரியே. நான்காவதைப் பண்டிகை வேலை இல்லாத ஒரு மாதத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். அதன் புதுப்பித்த பதிப்பும் 2025இல் ஐந்து, ஆறாம் பாகங்களோடு வந்துவிட்டது.

ஓமலூர்ப் பழையவர் எழுதியது:

கட்டங்கள் மூடியவையா, தொடர்புள்ளவையா என்பதை இடத்தை மட்டும் வைத்துப் பேசுகிறீர்கள். ஜோர்டன் மெக்னர் உருவாக்கி 1989இல் வந்த பிரின்ஸ் ஆஃப் பெர்சியா என்ற விளையாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 12 கட்டங்கள், பெரும்பாலானவை தத்தம் வாயிற்கதவோடு முடிந்துவிடும். ஆனால் மொத்தத்துக்கும் சேர்த்து 60 நிமிடம்தான் கொடுக்கப்பட்டிருக்கும். இறந்தால் கட்டத்தின் தொடக்கத்துக்குத் திரும்பலாம், இழந்த நிமிடங்கள் திரும்பமாட்டா. மூன்றாவது கட்டத்தில் தடுமாறிச் செலவழித்ததன் விலையைப் பத்தாவது கட்டத்தில் கொடுப்போம். டூம் ரெய்டரின் குண்டும் மருந்துப் பெட்டியும் செய்வதும் இதையே, கொஞ்சம் இரக்கத்தோடு.

அதைவிட எனக்கு வியப்பாக இருப்பது அந்த நிழல். நான்காம் கட்டத்தில் ஒரு கண்ணாடியை உடைத்துக்கொண்டு பாயும்போது இளவரசனின் நிழலுரு எதிர்ப்பக்கமாக ஓடிவிடுகிறது. ஐந்தாவதில் நமக்கு முன்னால் வந்து மருந்தைக் குடித்துவிடுகிறது, ஆறாவதில் நம் முகத்துக்கு நேரே கதவை மூடுகிறது, பன்னிரண்டாவதில் மறுபடியும் எதிரே நிற்கிறது. அங்கே என்ன செய்ய வேண்டும் என்பதைச் சொன்னால் ஆடாதவர்களுக்குச் சுவை போய்விடும். சாவி, பூட்டு என்று எதுவும் கட்டம் தாண்டவில்லை, ஒரு பகை மட்டும் தாண்டுகிறது. ஏற்காட்டுத் தம்பியின் சுவரோவியத்துக்குப் பதிலாக இப்படியொன்றை யோசித்துப் பார்க்கலாம்.

செவ்வாய்ப்பேட்டைக்காரன் எழுதியது:

அனைவருக்கும் நன்றி. தொகுப்பை வாங்கிவிட்டேன், பெருவின் முதல் கட்டம் ஓர் இரவில் முடிந்தது. ஐந்து ரோடு நண்பர் சொல்லும் குறை எனக்கும் புரிகிறது, ஆனால் ஊரை மனப்பாடம் செய்யும் அளவுக்கு இப்போது என்னிடம் பொழுதில்லை. இன்னொரு கேள்வி: மூன்றாம் பாகத்தில் இடங்களின் வரிசையை நாமே தேர்ந்தெடுக்கலாம் என்கிறார்கள். அப்படியானால் அங்கே ஒவ்வொரு நாடும் மற்றதைச் சாராததா? எந்த வரிசையில் போனாலும் ஒன்றுதானா?

அஸ்தம்பட்டி வாசி எழுதியது:

1998இல் வந்த மூன்றாம் பாகத்தில் இந்தியா முதலில் கட்டாயம், அண்டார்டிகா இறுதியில் கட்டாயம். இடையே தென் பசிபிக், லண்டன், நெவாடா ஆகிய மூன்றையும் விருப்பம்போல் வரிசைப்படுத்தலாம். ஒன்றில் கிடைக்கும் சாவி மற்றதில் தேவைப்படாது என்ற வகையில் அவை சாராதவைதான். வரிசை மட்டும் ஒன்றல்ல. நெவாடாவில் நீங்கள் சேர்த்துவைத்த ஆயுதங்கள் பறிபோகும் ஓர் இடம் உண்டு. ஓமலூர் ஐயா சொன்ன கணக்கு இங்கேதான் வேலை செய்கிறது. நெவாடாவைக் கடைசியாக வைத்தவர் நிறைய இழப்பார், முதலில் போனவருக்கு இழக்க அதிகம் இருக்காது. ஆகவே இந்தியா முடிந்ததும் நெவாடா, அதன்பின் மற்ற இரண்டும் உங்கள் விருப்பம்.

இந்தியப் பகுதியில் நான்கு கட்டங்கள். முதலில் வரும் காட்டைச் சேமிப்பு வைத்துப் பிரித்து ஆடுங்கள், பொறிகள் கண்ணுக்கு எளிதில் அகப்படாது. அடுத்துவரும் கோயில் இடிபாடு நீளமானது, அதை ஓர் இரவில் முடிக்க முயலாதீர்கள். கங்கைக் கட்டத்தை நான்கு சக்கர வண்டியிலும் கடக்கலாம், நடந்தும் கடக்கலாம். வண்டிப் பாதை விரைவானது. காளியனின் பெயரைத் தாங்கிய கடைசிக் குகை மிகச் சிறியது, மறுநாள் பட்டறைக்குச் சீக்கிரம் போக வேண்டிய இரவுக்கு அதை வைத்துக்கொள்ளலாம்.